ஏலம் கேட்க வராதே!

தொலைபேசியை வைத்த பிறகும் துலியோவின் கை அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றாள் இர்மா.

"தெரியல மேடம். ஆணா பொண்ணான்னும் தெரியல. தொண்டைக்குள்ள துணி அடைச்ச மாதிரி ஒரு குரல். நாளைக்கு ஏலத்துக்கு வந்தா எங்கம்மாவைச் சக்கர நாற்காலியோட மாடிப்படியில உருட்டி விட்டுடுவாங்களாம்."

"உங்கம்மா செத்து ரொம்ப வருஷமாச்சே!"

"அதான் மேடம் பயமா இருக்கு. செத்தவங்களையே விட்டு வைக்காதவன் என்னையா விட்டு வைப்பான்?"

பயம் வந்தால் துலியோ பிராகமோன்தேவுக்கு வாயில் ஜோக் வரும். உள்ளங்கை வியர்க்க வியர்க்க வாய் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். முன்பு டாக்சி ஓட்டியபோது கழுத்தில் கத்தி வைத்த திருடனிடம்கூட "சில்லறை இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தவன். இப்போது இர்மா ஒக்கிபின்தியின் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன், அவன்தான் டிரைவர், காபி போடுகிறவனும் அவனேதான்.

இர்மா முகத்தில் பயமில்லை. தூண்டிலில் மீன் கடித்ததை உணர்ந்தவள் போல நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சக்கர நாற்காலின்னு தெளிவாச் சொன்னாங்களா?"

"தெளிவா."

"அப்போ சமையலறை" என்றாள் இர்மா. ஜெயித்த குரலில் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னாள்.

ரொசாரியோ நகரத்தில் ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிர் எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்த வாரம் அது. நாடே திவாலாகிக் கிடந்த சமயம். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஏலத்தின் சிவப்புக் கொடி தொங்கியது. ஆற்றோரம் அல்பெர்தி பகுதியில், படகு எஞ்சின் மெக்கானிக் அமில்கார் சுபெல்தியாவின் வீட்டிலும் ஒன்று. பட்டறைக்காக வீட்டைப் பாங்கில் வைத்துக் கடன் வாங்கினார். தவணை தவறியது. பாங்க் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் ஏலத்துக்கு விட்டது.

அமில்கார் இர்மாவிடம் வந்தது வீட்டைக் காப்பாற்றித் தரச் சொல்லி அல்ல.

"வீடு போறது போகட்டும் மேடம்" என்று தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொல்லியிருந்தார். "நல்ல விலைக்குப் போகணும். கடன் தீர்ந்து மிச்சம் இருந்தா அது எங்களுக்கு. அடிமாட்டு விலைக்குப் போச்சுன்னா வீடும் போய், பாக்கிக் கடனும் கழுத்துலயே தொங்கும். ஆனா வீடு பார்க்க வர்ற அத்தனை பேருக்கும் அன்னிக்கே மிரட்டல் போன் போகுது. ஒருத்தரும் ஏலத்துக்கு வர மாட்டேங்கறாங்க. நான் உங்ககிட்ட வந்தது என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரிய வேணாம். பாவம், பயந்துடுவா."

அதனால்தான் இர்மாவும் துலியோவும் கணவன் மனைவியாக வேஷம் போட்டு, நேற்று வீடு பார்க்கப் போனார்கள். வாசல் மேஜையில் இருந்த பட்டியலில் பெயரும் போன் நம்பரும் எழுதினார்கள். முன் அறையில், வீட்டைச் சுற்றிக் காட்டிய ஏலக்கம்பெனி ஆளின் காதுபட, "இந்தச் சுவரை இடிச்சுடலாம்" என்றாள் இர்மா. பின்கட்டில், மதில் மேல் சாய்ந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேட்கும்படி, "இங்க நாய் வளர்க்கலாம்" என்றாள். சமையலறையில் அமில்காரின் மனைவி சுலேமா மட்டும் அடுப்படியில் நின்றாள். அங்கே, "உங்கம்மாவோட சக்கர நாற்காலி இந்தக் கதவுல நுழையுமா?" என்று துலியோவைக் கேட்டாள் இர்மா.

மூன்று காதுகளில் மூன்று பொய்கள். போனில் திரும்பி வந்தது மூன்றாவது பொய்.

துலியோவுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"மேடம், வீடு போகுதேன்னு அழுவுற அந்தம்மாவா? நமக்கு ஆரஞ்சுத் தோல் போட்ட கேக் குடுத்தாங்களே!"

"கேக் நல்லா இருந்துது இல்ல?"

"ரெண்டு துண்டு தின்னேன். இப்ப வயித்தைக் கலக்குது."

*

மறுநாள் காலை அல்பெர்திக்குப் போகும் வழி முழுக்கச் சாம்பல் நிற வண்டி ஒன்று பின்னாலேயே வந்தது. துலியோ வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. குறைத்தால் குறைத்தது. சுபெல்தியா வீட்டுத் தெருவில் அவன் திரும்பியபோது அது மூலையிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்தவன் கண்ணாடியை இறக்கி, சிகரெட் பிடித்தபடி, அவர்கள் எந்த வீட்டுக்குள் போகிறார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் பார்த்தான்.

"பார்த்தா பார்த்துட்டுப் போறான்" என்றாள் இர்மா.

"நல்ல பார்வையா இருந்தாச் சரி" என்றான் துலியோ. காலருக்குள் கழுத்து வியர்த்தது.

அமில்கார் பட்டறைக்குப் போயிருந்தார். சுலேமா தனியாக இருந்தாள். அவர்களைக் கண்டதும் அவள் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். நீர் விரலில் சிந்தியது.

இர்மா கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"சுலேமா, நாங்க வீடு வாங்க வந்தவங்க இல்ல, துப்பறியறவங்க. சக்கர நாற்காலி பத்தி நாங்க உலகத்துலயே ஒரு இடத்துலதான் பேசினோம். இந்தச் சமையலறையில."

சுலேமா மறுக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"துணியை வாயில கட்டிக்கிட்டுப் பேசினேன். வீடு பார்க்க வந்த பல் டாக்டரம்மாவோட சின்னப் பொண்ணு பின்னாடி ரூம்ல நின்னு, 'இது என் ரூம்'னு குதிச்சுது. அந்த ரூம்ல படுக்கற குழந்தை காலையில எழுந்திருக்காதுன்னு அவங்கம்மாகிட்ட சொன்னேன். போனை வெச்சுட்டு வாந்தி எடுத்தேன். அடுத்த ஆளுக்கும் பேசினேன். ஒவ்வொரு தடவையும் வாந்தி."

"எதுக்கும்மா?" என்றான் துலியோ. ஜோக் எதுவும் வரவில்லை.

"யாரும் கேக்கலைன்னா ஏலம் கலைஞ்சுடும். வீடு எங்களுக்கே திரும்பிடும். சட்டம் தெரிஞ்சவர் சொன்னார்."

"எந்தச் சட்டம் தெரிஞ்சவர்?"

"எவாரிஸ்தோ ஐயா. கொடி கட்டின அன்னிக்கு வந்தார். பைசா வாங்கல. எங்க நிலைமைக்கு ரொம்ப வருத்தப்பட்டார். இங்கதான் உக்காந்து மாத்தே குடிப்பார். 'வர்றவங்களை லேசா பயமுறுத்துங்க, பாவமில்ல, உங்க வீடுதானே'ன்னார். அமில்காருக்குத் தெரிய வேணாம்னார்."

பிடித்த விரல்களை விடாமலே இர்மா சொன்னாள்.

"ஏலம் கலையாதும்மா. கோர்ட் வெச்ச விலைக்கு ஆள் இல்லைன்னா கால் பங்கு குறைச்சுக் கேப்பாங்க. அதுக்கும் ஆள் இல்லைன்னா, கிடைச்ச விலைக்குத் தள்ளுவாங்க. அந்த மூணாவது தடவைக்காகவே ஒரு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு. ஏல மண்டபத்துல அதுக்கு வட்டம்னு பேரு. வட்டத்துல ஒருத்தன் மட்டும் கை தூக்குவான், மத்தவன் எவனும் போட்டி போட மாட்டான். வெளி ஆள் வந்தா மிரட்டித் துரத்துவாங்க. அப்புறம் எதிர் பார்ல உக்காந்து தங்களுக்குள்ள இன்னொரு ஏலம் விட்டு, லாபத்தைப் பங்கு போட்டுக்குவாங்க. இந்தத் தடவை மிரட்டற வேலையைக்கூட அவங்க செய்யல. உங்களையே செய்ய வெச்சுட்டாங்க."

சுலேமா அடுப்படியையும் சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று துலியோ நினைத்தான். பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். சாம்பல் நிற வண்டி மூலையில் இல்லை. வட்டத்து வண்டிதான் போலும்; இப்போது வீட்டுக்கு நேர் எதிரே நின்றது.

"அந்த டாக்டரம்மா..." என்று எழுந்தாள் சுலேமா. "அவங்களுக்கு இந்த வீடு மேல ரொம்ப ஆசை. நான் இப்பவே போன் பண்ணி..."

"போனையே பிடுங்கிப் போட்டுட்டாங்க. வாசல் மேஜைப் பட்டியல்ல இருந்த நம்பருக்கு நான் முயற்சி பண்ணினேன்" என்றாள் இர்மா. "நேர்ல போகணும். மிரட்டினது நீங்கதான்னு உங்க வாயாலயே சொல்லணும். வேற யார் சொன்னாலும் அவங்க நம்ப மாட்டாங்க. வருவீங்களா?"

சுலேமா கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான் துளை கையில் அகப்படவில்லை. இர்மா போட்டுவிட்டாள்.

"நான்?" என்றான் துலியோ.

"நீ மண்டபத்துக்குப் போ. நாங்க வர்ற வரைக்கும் ஏலத்தை முடிய விடாதே."

"எதை வெச்சு மேடம்? என் பையில பஸ் டிக்கெட்தான் இருக்கு."

"கையை வெச்சு. அவன் ஒரு விலை சொன்னா நீ ஒரு விலை சொல்லு."

"ஒருவேளை எனக்கே விழுந்துட்டா?"

"முன்பணத்தை அந்த இடத்துலயே கட்டணும். கட்ட முடியலைன்னா மறு ஏலம் வரும், அதோட நஷ்டம் உன் தலையில. கோர்ட் உன்னை விடாது."

"அப்போ ஜெயிக்கவும் கூடாது, தோக்கவும் கூடாது. என் கல்யாண வாழ்க்கை மாதிரின்னு சொல்லுங்க."

*

ஏல மண்டபத்தில் வட்டத்து ஆட்கள் யார் யார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சுவரோரமாகக் கோட்டுப் பைக்குள் கை விட்டு நின்றார்கள். மேடையைப் பார்க்கவே இல்லை. உள்ளே வருகிறவர்களைத்தான் பார்த்தார்கள். துலியோவுக்கு முன்னால் நுழைந்த இளம் தம்பதியின் முழங்கையை ஒருவன் அன்பாகப் பிடித்து, "வாங்க, ஒரு காபி சாப்பிடலாம்" என்று வெளியே கூட்டிப் போனான். அந்தத் தம்பதி திரும்பி வரவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் அமில்கார் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். துலியோ அவரைத் தெரியாதவன் போல நடுவரிசையில் போய் அமர்ந்தான். உடனே இரண்டு பக்கமும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இடது பக்கம் கழுத்தே இல்லாத ஒரு தடியன். வலது பக்கம் வெள்ளை மீசையும் சுத்தமான கம்பளிக் கழுத்துப்பட்டையுமாக ஒரு பெரியவர். பெரியவர் அவனுக்குப் புதினா மிட்டாய் நீட்டினார்.

"முதல் தடவையா?"

"கல்யாணத்துலகூட இவ்வளவு நெருக்கி உக்காரல ஐயா."

பெரியவர் ரசித்துச் சிரித்தார்.

வழுக்கைத் தலை ஏலக்காரர் மேடையில் ஏறி, நிமிர்ந்து பார்க்காமலே அறிவித்தார். அல்பெர்தியில் வீடு. உரிமையாளர் குடியிருக்கிறார். வரி பாக்கி உண்டு. வாங்குகிறவர் முன்பணமும் கமிஷனும் இப்போதே கட்ட வேண்டும், மீதியை நீதிபதி ஒப்புதல் தந்த பிறகு. கோர்ட் வைத்த விலையைச் சொன்னார்.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

கால் பங்கு குறைத்துச் சொன்னார். அதற்கும் மௌனம்.

பெரியவர் துலியோவின் உள்ளங்கையைத் திறந்து அதில் எதையோ வைத்து மூடினார். குளிர்ந்திருந்தது. துலியோ குனிந்து பார்த்தான். அவனுடைய வீட்டுச் சாவி. காலையில் கோட்டுப் பையில் போட்ட அதே சாவி.

"கீழ விழுந்து கிடந்துது" என்றார் பெரியவர் தாழ்ந்த குரலில். "ஜாக்கிரதையா வெச்சுக்கணும் தம்பி. இந்தக் காலத்துல யார் கையில வேணும்னாலும் கிடைச்சுடும்."

எழுந்து ஓடிவிடலாம் என்று துலியோவின் கால் சொன்னது. தடியனின் முழங்கால் அவன் முழங்காலை நாற்காலியோடு அழுத்தியது.

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" பெரியவரின் குரலில் நிஜமான இரக்கம் போலவே ஒன்று இருந்தது. "வீட்டுல வயசான அம்மா. அதுவும் சக்கர நாற்காலியில. அவங்களை நினைச்சுப் பாருங்க."

துலியோ நினைத்துப் பார்த்தான். எங்கேயும் இல்லாத அந்த நாற்காலி முதலில் இர்மாவின் வாயில் பிறந்தது. அங்கிருந்து சுலேமாவின் காதுக்குப் போனது. சுலேமா அதை யாரிடம் சொல்லியிருப்பாள்? அவள் சமையலறையில் உட்கார்ந்து மாத்தே குடிக்கிற ஒரே ஒருவரிடம்.

பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளிருந்தே ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கினான்.

"எங்கம்மா பயப்பட மாட்டாங்க, எவாரிஸ்தோ ஐயா" என்றான். "அவங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது."

தன் பெயரைக் கேட்டதும் பெரியவரின் கண்ணிமை ஒரு தடவை துடித்தது. அவ்வளவுதான்.

"விலை வரம்பு இல்லை. கேளுங்கள்" என்றார் ஏலக்காரர்.

சுவரோரம் ஒருவன் விரலை உயர்த்தி ஒரு தொகை சொன்னான். பழைய கார் ஒன்றுகூட அந்த விலைக்கு வராது. துலியோ கையைத் தூக்கினான். கை தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. குரல் கீச்சென்று வந்தது. ஆனால் வந்தது.

மண்டபமே திரும்பியது. சுவரோரத்தான் ஏற்றினான். துலியோ ஏற்றினான். தடியனின் கை அவன் தொடையை இறைச்சி நிறுப்பது போலப் பிடித்துத் திருகியது. கண்ணில் நீர் வர, துலியோ மறுபடி ஏற்றினான்.

அப்போது எவாரிஸ்தோ குனிந்து துலியோவின் ஷூவைப் பார்த்தார். பிய்ந்துபோய் ஆணி அடித்த அடிப்பாகம். நிமிர்ந்து, சுவரோரத்தானுக்கு மிக லேசாகத் தலையாட்டினார். அவன் கையை மடக்கிக்கொண்டான்.

"வாழ்த்துக்கள்" என்றார் எவாரிஸ்தோ. "வீடு உங்களுக்கே. பணத்தை எடுத்து வையுங்க, பார்க்கலாம்."

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

துலியோவுக்குக் காது அடைத்தது. வாசலைப் பார்த்தான். போலீஸ்காரரின் முதுகு மட்டும் தெரிந்தது.

"ரெண்டு தரம்."

"ஐயா!" என்று எழுந்தான் துலியோ. "ஒரு சந்தேகம்! கொல்லையில இருக்கற திராட்சைக் கொடியும் விலையில சேர்த்தியா?"

யாரோ சிரித்தார்கள். ஏலக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "சேர்த்திதான்."

"கொடியில பழம் இருந்தா?"

"ஜூலை மாசத்துல பழமா? உட்காருங்க. மூணு..."

"நான் கேக்கறேன்!"

கதவு விரியத் திறந்திருந்தது. இர்மா. அவள் பக்கத்தில் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பல் டாக்டர் கிரிசெல்தா. உதடு வெளுத்திருந்தது, உயர்த்திய கை நிலையாக நின்றது. அவள் சொன்ன தொகை கோர்ட் வைத்த விலையையே தாண்டியது.

சுவரோர ஆட்கள் எவாரிஸ்தோவைப் பார்த்தார்கள். அந்த விலைக்கு மேல் வாங்கி, தங்களுக்குள் எதைப் பங்கு போட? எவாரிஸ்தோ அசையவில்லை. சுத்தியல் விழுந்தது. துலியோ நாற்காலியில் சரிந்தான்.

கிரிசெல்தா அவனைக் கடந்து மேடைக்குப் போகும்போது இர்மாவிடம் சொன்னாள்: "போன்ல பேசினது யாருன்னு தெரிஞ்சதும் பயம் போயிடுச்சு. கோபம்தான் இன்னும் போகல."

"பாங்க் கடன் அடைஞ்சுடும்" என்றாள் இர்மா, துலியோவின் தோளில் கை வைத்து. "கொஞ்சம் மிச்சமும் அவங்க கைக்கு வரும்."

எவாரிஸ்தோ மிட்டாய்ப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் அவருக்கு வழியை மறித்தபடி சுலேமா நின்றாள்.

"எவாரிஸ்தோ ஐயா" என்றாள்.

"நீங்க யாரும்மா? எனக்குத் தெரியலையே."

"சர்க்கரை போடாம மாத்தே குடிப்பீங்களே. அதுகூடவா தெரியல?"

இர்மா போலீஸ்காரரிடம் போனாள். "ஏலத்துக்கு வர்றவங்களை மிரட்டித் தடுக்கறது குற்றம். இந்த மனுஷனைப் பிடிச்சு வையுங்க."

போலீஸ்காரர் எவாரிஸ்தோவையும் சுவரோர ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வீடு, வாசல், சாவி எல்லாம் இருந்தது போலும். "புகார் யார் குடுக்கறது?" என்றார், யாரும் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வட்டத்தைத் தெரியும். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எவாரிஸ்தோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் குடுக்கறேன்" என்றாள் சுலேமா. "முதல்ல என் மேல எழுதிக்குங்க. போன்ல பேசினதெல்லாம் நான்தான். குழந்தையைச் சொல்லி மிரட்டினதும் நான்தான். சொல்லிக் குடுத்தது இவர். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. அமில்கார் எழுந்தார். துலியோ அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தான். கட்டிய மனைவியே தன் வீட்டை இந்த நிலைக்குக் கொண்டு வந்தாள் என்று ஊர் முன்னால் கேட்டவனின் முகம் எப்படி இருக்கும்? அமில்கார் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தார். சுவரோரத்தில் நின்ற ஒருவன் வழியில் காலை நீட்டினான். அமில்கார் நின்று, அவன் காலை எடுக்கும் வரை காத்திருந்து, பிறகு நடந்தார்.

சுலேமா அவரைப் பார்க்கவில்லை. அவர் வந்து அவள் பக்கத்தில் நின்று, கோணலாக மாட்டியிருந்த அவள் கோட்டுக் காலரை நேராக்கினார்.

"சாட்சிக்கு என் பேரையும் எழுதிக்குங்க."

போலீஸ்காரர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். "நீங்க யாரு?"

"இவளோட வீட்டுக்காரன்" என்றார் அமில்கார்.